கேஷ் வேறு, காசு வேறு

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் வேர் தேடும் அன்பர்களுக்கு,

பள்ளி ஆண்டு மலர்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் கைப்பேசித் தகவல்களிலும் ஒரு பட்டியல் நெடுங்காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை என்று அதற்குத் தலைப்பு. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல். கட்டமரான் என்றால் கட்டுமரம், செரூட் என்றால் சுருட்டு, மல்லிகடானி என்றால் மிளகுத்தண்ணீர். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வரியில் வருகிறது: கேஷ் என்றால் காசு. மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கும் வரி இதுதான். கேட்ட மாத்திரத்தில் நம்பத் தோன்றும், விளக்கம் எதுவும் தேவைப்படாது. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். ஆங்கிலத்தின் பெரிய அகராதிகளில் கேஷ் என்பது இரண்டு தனித்தனித் தலைப்புகளாக நிற்கிறது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறந்த வீடு மட்டும் வேறு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் வீட்டுப் பிள்ளை. சின்னச் செப்பு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ் நம் காசிலிருந்து போனது. உங்கள் பட்டியல் உரிமை கொண்டாடுவது முதலாவதை. இரண்டாவது அதில் இடம்பெறுவதே இல்லை. அயலார் சொத்துக்குப் பட்டா கேட்டுக்கொண்டு, சொந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்திருக்கிறோம்.

ரொக்கத்தின் கதையை முதலில் பார்ப்போம். அதன் வேர் கேப்சா என்ற லத்தீன் சொல். பெட்டி என்று பொருள். பிடி, கொள் என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்த பெயர் அது. தன்னுள் கொள்வது எதுவோ அது கேப்சா. ஏட்டுச் சுருள்களை நிற்கவைத்து அடுக்கும் உருளை வடிவப் பெட்டியை ரோமானியர் அப்படி அழைத்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் அடிமைக்கு கேப்சாரியுஸ் என்று பெயர். புத்தக மூட்டையைச் சுமக்க ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது அந்தச் சொல்லின் நடுவிலிருந்த ப் தேய்ந்து மறைந்தது. இத்தாலியில் காஸ்ஸா ஆயிற்று. பிரெஞ்சில் கெஸ், ஸ்பானியத்தில் காஹா, போர்த்துகீசியத்தில் கைஷா. இடைக்கால இத்தாலிய நகரங்களின் வணிகர்களும் வட்டிக்குக் கொடுப்பவர்களும் பணம் வைத்துப் பூட்டிய பெட்டி காஸ்ஸா. கணக்கு எழுதும் முறையையும் உண்டியல் முறையையும் ஐரோப்பாவுக்குப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெட்டியின் பெயரும் கூடவே பரவியது. ஜெர்மானியர் கடையில் பணம் கட்டும் இடத்தை இன்றும் கஸ்ஸே என்கிறார்கள். ரஷ்ய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சன்னல் கஸ்ஸா. இந்த ஊர்களுக்கெல்லாம் நம் காசு நடந்து போய்ச் சேர்ந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. பெட்டி போனதற்கு ஊருக்கு ஊர் எழுத்துச் சான்று இருக்கிறது.

இங்கிலாந்துக்கு அது வந்தது 16-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். ஜான் ஃபுளோரியோ 1598-இல் ஓர் இத்தாலிய – ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் காஸ்ஸா என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பெட்டி, பேழை என்றெல்லாம் பொருள் சொல்லிவிட்டு, வணிகரின் கேஷ் என்றும் எழுதுகிறார். அங்கே கேஷ் என்றால் பணம் போடும் பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் குறிக்கும் வழக்கமும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ 1599-ஐ ஒட்டி எழுதப்பட்ட நாடகம். அதில் கடன் பாக்கியைக் கேட்கும் ஒருவனுக்கு ரொக்கமாகவே கொடுத்துவிடுவதாக இன்னொருவன் வாக்குக் கொடுக்கும்போது கேஷ் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறான்.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. கம்பெனி மசூலிப்பட்டினத்தில் கடை விரித்தது 1611. சென்னையில் நிலம் கிடைத்தது 1639. கம்பெனிக்காரன் ஒருவன் தமிழ்க் கடைத்தெருவில் நின்று காசு என்ற சொல்லைக் காதில் வாங்குவதற்கு முன்பே, லண்டன் நாடகக் கொட்டகையில் தரையில் நின்று பார்க்கும் சாதாரண ரசிகனுக்கு கேஷ் புரிந்திருக்கிறது.

பெட்டி எப்படிப் பணம் ஆகும் என்று தமிழ் படித்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கடைகளின் கல்லாப்பெட்டியைப் பாருங்கள். கல்லா என்பது பெட்டி. ஆனால் ஒரு படம் நன்றாக ஓடினால் கல்லா கட்டியது என்று சினிமாப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அங்கே கல்லா பணம். இலக்கண ஆசிரியர் இதை இடவாகுபெயர் என்பார். இடத்தின் பெயர் அந்த இடத்தில் இருக்கும் பொருளுக்கு ஆகிவருவது. ஆங்கிலேயன் கேஷுக்குச் செய்ததும் அதேதான். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு ஓட்டல்காரர்கள் அதைத் திருப்பியும் போட்டுவிட்டார்கள். பில்லை கேஷ்ல கட்டுங்க, கேஷ்ல யாரும் இல்லையா என்று அவர்கள் சொல்லும்போது கேஷ் என்பது பணத்தைக் குறிக்கவில்லை, பணம் வாங்கும் மேசையைக் குறிக்கிறது. இருக்கும் பொருளின் பெயர் இடத்துக்கு ஆகிவந்தால் தானியாகுபெயர். பெட்டியில் தொடங்கிப் பணமாகி, மதுரை ஓட்டலில் மறுபடியும் கல்லாவுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல்.

அதே லத்தீன் பெட்டியின் பிள்ளைகள் நம் வீட்டிலும் தெருவிலும் நிறைய. மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ், இளையராஜா பாட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்ட கேசட், மருந்துக்கடை கேப்சூல், பட்டறையில் கூண்டு கட்டக் காத்து நிற்கும் லாரியின் சேசிஸ் — எல்லாம் கேப்சாவின் வழிவந்தவை. கேசட் என்றால் குட்டிப் பெட்டி. கேப்சூல் என்றாலும் குட்டிப் பெட்டிதான். ஒரு குடும்பமே இப்படி வரிசையாக நிற்கும்போது, அதில் ஒரு பிள்ளையை மட்டும் பிரித்து எங்கள் ஊர்ப் பிள்ளை என்பது எடுபடாது.

ஆனால் இவ்வளவு ஒத்துப்போகிறதே, ஒலியும் பொருளும் ஒன்றாக இருக்கிறதே, தற்செயலாக இப்படி நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடக்கும். ஆங்கிலத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

வங்கியில் உட்கார்ந்திருக்கும் கேஷியர், பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையிலிருந்து விரட்டுவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றே ஒரு வினை உண்டு. பணத்தைக் கையாடல் செய்ததால் விரட்டப்பட்டவர் என்று கதை கட்டிவிடலாம், அழகாகவே இருக்கும். ஆனால் அது ரத்து செய்தல் என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது. பிரான்சின் உச்ச நீதிமன்றத்தின் பெயரில் இருப்பதும் அந்த வேர்தான். நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ் இன்னொன்று. விழுதல், நேர்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது அது. கண்ணாடி வைக்கும் கேஸோடு அதற்கு ரத்த சம்பந்தம் கிடையாது. கணினிக்காரர்கள் சொல்லும் கேஷ் மெமரி மூன்றாவது கேஷ். ஒளித்துவைத்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் அதற்கும் ரொக்கத்துக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

முந்திரிக்கொட்டையைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. கடற்கரைக் கிழவி ஒருத்தி காசுக்கு எட்டு, காசுக்கு எட்டு என்று கூவி விற்றாளாம். வெள்ளைக்காரன் காதில் அது கேஷ்யூ நட் என்று விழுந்ததாம். சிரிக்கலாம், நம்ப வேண்டாம். முந்திரி பிரேசில் நாட்டு மரம். அங்கே பழங்குடியினர் பேசிய துப்பி மொழியில் அதற்கு அகஜூ என்று பெயர். போர்த்துகீசியர் அதைக் கஜூ என்றார்கள், 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்து நட்டார்கள். இலங்கையில் இன்றும் கஜு என்று சொல்வது அந்தப் போர்த்துகீசியச் சொல்லைத்தான். பண்ருட்டி முந்திரி பேர்போனது என்பதால் அதன் ஆங்கிலப் பெயரும் பண்ருட்டியில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இனி நம் காசுக்கு வருவோம். உங்கள் பட்டியல் இழந்துவிட்டு நிற்கும் செல்வம் இதுதான், ஆகையால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே நடக்கலாம்.

வெண்பா எழுதக் கற்றுக்கொண்ட எவருக்கும் காசு தெரியும். ஈற்றடியின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் சங்கப் பாட்டில் காசு என்றதும் கடையில் கொடுக்கும் நாணயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அணிகலனில் கோக்கும் பொன்மணிக்கும் அதே பெயர். குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பார்த்து, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த பொற்காசை நினைக்கிறார். வேப்பம்பழம் பழுத்தால் மஞ்சள், அளவும் பொருத்தம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் கழுத்தில் காசுமாலை போட்டுக்கொள்ளும் பெண்கள் இருக்கும் ஊரில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை.

ஏழாம் நூற்றாண்டில் காசு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு தந்தான் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. அப்பரின் காசைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அந்தப் பிடித்தத்துக்கு வாசி என்று பெயர். வாசி இல்லாத காசு வேண்டும் என்று அவர் பதிகமே பாடிவிட்டார். நாணயத்தின் தரத்தைப் பார்த்துக் கழிவு போடும் அளவுக்கு விவரமான சந்தை அன்றைக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சுவையான சான்று கிடைப்பது அரிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு முதலீடாகிவிடுகிறது. கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை.

வடமொழியில் கர்ஷம் என்று ஓர் எடையும் நாணயமும் உண்டு. காசை அதோடு இணைப்பவர்கள் இருக்கிறார்கள், திராவிடச் சொல் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஐரோப்பியர் காதில் விழுந்தது தென்னாட்டு வாயின் காசுதான்.

அது எப்போது விழுந்தது? லுடோவிகோ தி வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணியின் நூல் 1510-இல் ரோமில் அச்சாயிற்று. தென்னிந்தியாவில் காஸ் என்று ஒரு சிறு நாணயம் உண்டு, பதினாறு காஸ் தாரம் என்ற ஒரு வெள்ளி நாணயத்துக்குச் சமம் என்று அதில் எழுதியிருக்கிறார். போர்த்துகீசியர் அந்தச் சொல்லை எடுத்துக் கைஷா என்று எழுதினார்கள். இங்கேதான் முடிச்சு விழுந்தது. கைஷா அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல், பெட்டி என்று பொருள், அதாவது பழைய லத்தீன் கேப்சா. கேட்ட புதுச் சொல்லைத் தெரிந்த பழைய சொல்லின் அச்சிலேயே வார்த்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, தங்களிடம் இருந்த கேஷ் என்ற எழுத்துக்கூட்டலையே அதற்கும் போட்டுவிட்டார்கள். வெவ்வேறு ஊரில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றது இப்படித்தான். உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை; நானூறு ஆண்டுக்கு முந்திய மாலுமிகளுக்கும் பங்கு உண்டு.

சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் பலர் இந்தச் சொல்லைத் தங்கள் நாணயத்துக்குப் பெயராக வைத்தார்கள் என்பதை உங்கள் பட்டியல் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. டேனிஷ்காரர் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடியில் குடியேறினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அவர்கள் கணக்கில் சில்லறை நாணயத்துக்குப் பெயர் காஸ். கோபன்ஹேகன் அரசரின் பெயரெழுத்து ஒரு பக்கம், எத்தனை காஸ் என்ற மதிப்பு மறுபக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காஷ் என்றும் தூதூ என்றும் செப்பு நாணயம் அடித்தார்கள். தூதூ நம் துட்டுதான். துட்டு எந்தக் கரையிலிருந்து வந்தது என்பது தனிக் கதை. அந்த நாணயங்களில் பிரெஞ்சு அரசின் லில்லிப்பூவுக்கு மறுபக்கம் புதுச்சேரி என்று தமிழிலேயே எழுதியிருக்கும்.

சென்னையில் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு மூன்று பத்திகள்: பகோடா, பணம், கேஷ். வராகனைத்தான் பகோடா என்றார்கள். எண்பது கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாயை நிலையான நாணயமாக ஆக்கும்வரை கோட்டைக் கணக்கர்கள் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டினார்கள். எண்பதாலும் நாற்பத்திரண்டாலும் வகுத்து வகுத்துக் கணக்கு முடித்த அந்த மனிதர்கள்மீது பரிதாபம் கொள்ளாமல் இருக்க முடியாது.

அந்தக் காசுகள் எங்கே அடிக்கப்பட்டன தெரியுமா? 1803-லும் 1808-லும் சென்னைக்கான செப்புக்காசுகள் பர்மிங்காமுக்குப் பக்கத்தில், மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில், நீராவி எந்திரத்தில் அடித்தெடுக்கப்பட்டன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தில், இருபது காஸ் நான்கு ஃபலூஸுக்குச் சமம் என்ற வாசகம். அதன் கீழே ஆங்கிலத்தில் இருபது கேஷ். காசு என்ற ஒரே சொல் ஒரே செப்புத் தகட்டில் இரண்டு எழுத்தில் நிற்கிறது. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் டன் கணக்கில் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டு, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மாட்டிச் சிதறியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றை லட்சக்கணக்கில் அள்ளினார்கள். மயிலாப்பூர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசுகள் இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்களின் அலமாரியில் கிடக்கின்றன, கடல் உப்பின் தழும்போடு.

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வாசகர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான உறவு உண்டு. திருவிதாங்கூர் அரசு தன் சொந்த நாணயத்தை 1949 வரை விடவில்லை. பதினாறு காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்துச் செப்புக்காசுகளில் ஒரு கேஷ், நான்கு கேஷ், எட்டு கேஷ் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அந்த ஊர்ப் பழைய வீடுகளின் அஞ்சறைப்பெட்டியிலோ பரணிலோ தேடினால், தமிழ்க் காசு ஆங்கில எழுத்தில் நிற்கும் சான்று கையிலேயே கிடைக்கும்.

காசு இன்னும் கிழக்கே போனது. போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தபோது, அந்தப் பக்கத்துத் தீவுகளின் சந்தைகளில் நடுவே சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயங்கள் புழங்கின. ஓட்டையில் கயிறு கோத்து, ஆயிரம் ஆயிரமாகக் கோவை கட்டி எண்ணுவது சீன வழக்கம். இந்தியக் கரையில் கற்றுக்கொண்ட பெயரையே போர்த்துகீசியர் அவற்றுக்கும் வைத்தார்கள். ஆங்கிலேயர் பின்தொடர்ந்தார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்தைச் சியென் என்றும் வென் என்றும் சொன்னார்கள்; ஒருநாளும் கேஷ் என்று சொன்னதில்லை. ஆனால் சின் பேரரசன் காலம் தொட்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் புழங்கிய அந்த நாணயத்துக்கு ஆங்கில நூல்களில் இன்று நிலைத்துவிட்ட பெயர் கேஷ். உலகின் மிக நீண்ட நாணய மரபுகளில் ஒன்று, அயலார் வாயில் ஒரு தமிழ்ப் பெயரோடு உலவுகிறது.

இதில் ஒரு சுவையான பின்குறிப்பும் உண்டு. 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனப் பேரரசின் அவைக்குப் போனது. அவர்கள் கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவை செப்பு நாணயம் கொடுத்தனுப்பியதாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியர்கள் அந்த நாணயத்துக்குப் போடும் சொல் கேஷ். சோழர் தூதர்கள் அதைக் காசு என்று சொல்லியிருந்தால், பின்னால் வரப்போகும் ஆங்கிலத்தை அறியாமலேயே சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

இதையெல்லாம் புதிதாகத் தோண்டி எடுக்கத் தேவையும் இல்லை. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். செப்புக்காசான கேஷுக்கு அதில் தனித் தலைப்பு போட்டு, தமிழ்க் காசு போர்த்துகீசிய வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நமக்குச் சேர வேண்டிய வரவு அங்கே ஏறி நூறாண்டுக்கு மேலாகிறது.

அப்படியானால் ஒரு சொல் உறவா, ஒப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் எளிய வழி உண்டு. இரண்டு சொற்களும் உறவு என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இஞ்சியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஜிஞ்சர், இஞ்சியிலிருந்து வெகு தூரம் போலத்தான் தெரிகிறது. லத்தீனுக்குப் போனால் சிங்கிபெர், கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், பாலி மொழியில் சிங்கிவேர. வேர் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. இஞ்சியும் வேரும் சேர்ந்த தென்னாட்டுச் சொல் அது என்பதை அறிஞர்கள் பரவலாக ஒப்புக்கொள்கிறார்கள். கேஷ் – காசு இதற்கு நேர்மாறு. இன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இத்தாலிக்குப் போனால் காஸ்ஸா, கொஞ்சம் விலகுகிறது. ரோமுக்குப் போனால் கேப்சா, கைவிட்டுப் போய்விடுகிறது.

பட்டியலில் அடிக்கடி காணப்படும் எட்டு – எய்ட் ஜோடியையும் இப்படியே உரசிப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் அது எஅஹ்தா, லத்தீனில் ஆக்டோ. நம் எட்டு பின்னோக்கிப் போனால் எண் ஆகிவிடும்; எண்பது, எண்ணூறு, எண்திசை என்று அந்தப் பழைய வடிவம் இன்றும் நம் வாயிலேயே இருக்கிறது. ஆக்டோவும் எண்ணும் எங்கே சேரும்? பட்டன் – பொத்தான் ஜோடியில் உறவு இருப்பது உண்மை, போக்குவரத்து மட்டும் எதிர்த்திசையில். பொத்தான் போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். சன்னலும் அலமாரியும் மேசையும் சாவியும் அவர்கள் இறக்கிவிட்டுப் போனவையே. கடன் வாங்கியதை வரவில் எழுதினால் கணக்கு நேராகாது.

பட்டியலில் இருக்கும் இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரையா. இது தமிழிலிருந்துதான் போனது, சந்தேகமில்லை. பறை என்ற கருவியை ஒட்டி அமைந்த ஒரு சமூகத்தின் பெயரை ஐரோப்பியர் எடுத்து, ஊர் ஒதுக்கிவைத்தவன் என்று பொருள்படும் பொதுச்சொல்லாக ஆக்கினார்கள். நம் ஊர் செய்த இழிவை அவர்கள் அகராதியில் ஏற்றினார்கள். இன்றும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் உலகப் பத்திரிகைகள் அந்தப் பெயரைக் கூசாமல் எழுதுகின்றன. கட்டுமரத்துக்கும் மிளகுத்தண்ணீருக்கும் நடுவே, பெருமிதக் குரலில் வாசிக்க வேண்டிய சொல்லா அது? பட்டியலில் இருக்கட்டும், ஆனால் கைதட்டலுக்காக இருக்க வேண்டாம்.

உங்கள் ஆர்வத்தை யாரும் குறை சொல்லவில்லை. தமிழ் கடல் கடந்த மொழி என்பது உண்மை, அதைச் சொல்ல ஆசைப்படுவதிலும் தவறில்லை. ஆனால் மேடையில் கேஷ் – காசு என்று சொல்லும்போது, அகராதியைப் புரட்டத் தெரிந்த ஒரு மாணவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். லத்தீன் பெட்டி என்று இருக்கும். அன்றோடு அவள் கட்டுமரத்தையும் இஞ்சியையும் சேர்த்தே நம்ப மறுப்பாள். பொய்யான ஒரு வரி மெய்யான பத்து வரிகளின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது; சம்பந்தர் காலத்துக் கடைக்காரர் என்றால் மொத்தப் பட்டியலுக்கும் வாசி போட்டிருப்பார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரோ கையேடோ அச்சுக்குப் போவதற்கு முன் அந்த வரியைத் திருத்துங்கள். ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இப்படிப் போடுங்கள்: கேஷ், சென்னை, திருவிதாங்கூர், சீனம் ஆகிய இடங்களின் சிறு செப்பு நாணயம், தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசிய வழியாகச் சென்றது. முடிந்தால் பக்கத்தில் ஒரு படமும் சேருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையிலும் ஒரு காட்சிக்கூடம் உண்டு. மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டியலின் நெடுநாள் வாசகர் ஒருவர்